ஹீட்டரின் பெயர் எங்கே? வீட்டுச் சாமானால் ஓர் உயிர் போனால் புகாரில் நடக்கும் தவறுகள்

"எதிர்பாராதவிதமாக மின்சாரம் தாக்கி உயிரிழந்தார்." குமரி மாவட்டத்தில் மழைக்காலம் வந்துவிட்டால் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் இந்த வரியை அடிக்கடி பார்க்கலாம். இறந்தவரின் பெயர் இருக்கும், வயது இருக்கும், ஊர் இருக்கும். எந்தச் சாமானைத் தொட்டபோது என்பது மட்டும் இருக்காது. செய்தி எழுதியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த புகாரிலேயே அது இருந்திருக்காது.

தக்கலையில் மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்று என்று நாள் ஓடும். வாரிசுச் சான்றுக்கு வருகிறவர்களிடம் எப்படி இறந்தார் என்று கேட்டால் "கரண்ட் அடிச்சு" என்பார்கள். "எதுல?" என்று இன்னொரு தடவை கேட்டால்தான் ஹீட்டர், மிக்சி, தண்ணி மோட்டார், டேபிள் ஃபேன் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அதற்குள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அந்தச் சாமானும் ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய சாமான் கடைக்குப் போயிருக்கும்.

இதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறதா என்று கேட்டால், பாதிதான் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் துலா மழை நேரத்தில், எங்கள் தெருவில் ஒரு அக்கா பேரனைக் குளிப்பாட்டுவதற்காக வாளியில் ஹீட்டர் ராடு போட்டிருந்தார்கள். வெந்நீர் பதமாக இருக்கிறதா என்று கை வைத்துப் பார்த்தார்கள். அவ்வளவுதான். ஸ்டேஷனில் அவர்களுடைய தம்பிக்கு எழுதித் தந்த தாளில் "கவனக்குறைவாகத் தண்ணீரில் கை வைத்ததில்" என்று இருந்தது. கடைசி வரி, "இந்த மரணத்தில் யார் மீதும் எந்தச் சந்தேகமும் இல்லை." தம்பி கையெழுத்துப் போட்டான். பக்கத்தில் நின்ற நானும் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. உடலைச் சீக்கிரம் வாங்க வேண்டும் என்பதுதான் எல்லாருடைய மனதிலும் இருந்தது.

மூன்றாம் நாள் பரணில் அந்த ஹீட்டரின் அட்டைப்பெட்டி கிடைத்தது. சந்தையில் சாக்கு விரித்து விற்றவரிடம் வாங்கியது. ஐஎஸ்ஐ முத்திரை பெரிதாக இருந்தது. முத்திரைக்கு மேலே இருக்க வேண்டிய தர எண் இல்லை. வாளியில் போடும் ஹீட்டருக்கு அது ஐஎஸ் 368. கீழே 'சிஎம்/எல்' என்று தொடங்கும் உரிம எண்ணும் இல்லை. ஹீட்டரைத் தேடினோம். அக்காவின் மகன் ஆத்திரத்தில் அதை மிதித்து வளைத்து ஆக்கர்காரரிடம் எறிந்திருந்தான்.

"சந்தேகம் இல்லை" என்ற வரி

பிஎன்எஸ்எஸ் என்கிற புதிய நடைமுறைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கிறது. இயற்கைக்கு மாறான மரணத்தை அதன் 194-ஆம் பிரிவில் பதிவு செய்கிறார்கள். பழைய சட்டத்தில் அது 174-ஆம் பிரிவு, அந்தப் பழக்கத்தில் பலர் இன்னும் "174 போட்டிருக்கு" என்றுதான் சொல்வார்கள். போலீஸ் முதலில் பார்ப்பது யாராவது கொன்றார்களா, தற்கொலையா, விபத்தா என்பதை. "யார் மீதும் சந்தேகம் இல்லை" என்று குடும்பம் எழுதிக் கொடுப்பது அந்தக் கேள்விக்கான பதில். ஆனால் அந்த வரியோடு தாள் முடிந்துவிட்டால் சாமானும் சந்தேகத்துக்கு அப்பால் போய்விடும். ஆட்கள் மேல் சந்தேகம் இல்லை என்பது வேறு, சாமான் மேல் இல்லை என்பது வேறு. எழுதும்போது இரண்டையும் பிரித்து எழுத வேண்டும். நான் இப்போது எழுதித் தருவது இப்படி:

"குடும்பத்தார் யார் மீதும் சந்தேகம் இல்லை. ஆனால் இன்ன மாதம் இன்ன இடத்தில் வாங்கிய, இன்ன பெயர் அச்சிட்ட ஹீட்டரில் மின்கசிவு இருந்திருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். அதைக் கைப்பற்றிப் பரிசோதனைக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்."

'கவனக்குறைவாக' என்ற சொல்லை நீங்களாகச் சேர்க்காதீர்கள். வேறு யாராவது எழுதித் தந்த தாளில் அது இருந்தால், கண்ணால் பார்த்தவர்கள் அங்கே இருந்தார்களா என்று கேளுங்கள். பார்த்ததை மட்டும் எழுதினால் போதும்: சுவிட்ச் போட்டிருந்ததா, கால் ஈரமா, செருப்பு இருந்ததா, பிளக்கில் மூன்று பின்னும் இருந்ததா. இரண்டு ஓட்டை பாயிண்டில் செருகுவதற்காக எர்த் பின்னை ஒடித்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். மறைத்தது பின்னால் வெளியே வந்தால் மற்றதையும் நம்பமாட்டார்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. விசாரணை தொடங்கும் முன்பே கம்பெனி பெயரைப் போட்டு வாட்ஸ்அப்பில் "இந்த மிக்சி ஆளைக் கொன்னுட்டு" என்று சுற்றவிடுவது. கோளாறு வீட்டு எர்த்திங்கிலும் இருந்திருக்கலாம். படத்தைப் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள், போதும்.

சாமானை என்ன செய்கிறோம்

முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அப்புறம் அந்தச் சாமான் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். நம்ம ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, "உண்மையிலேயே ஷாக் அடிக்கா, பாரு" என்று மறுபடியும் செருகிப் பார்ப்பார்கள். இன்னொரு உயிருக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம். இருந்த தடயமும் அதோடு கருகிவிடும். பிளக்கை மாற்றுவது, ஒயரை டேப் ஒட்டுவது, கழுவி வைப்பது எல்லாம் இதே வகைதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ விற்றவருக்குத் தப்பும் வழி தருகிறது. பிறகு போட்ட டேப்பையும் முன்பே போட்டதாகச் சொல்ல யாரும் யோசிக்கமாட்டார்கள்.

போட்டோ எடுப்பதிலும் கவனம் வேண்டும். கும்பல் நிற்கிற அறையைப் பத்துப் படம் எடுப்பதைவிட, சாமானின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டை ஒரே படம் தெளிவாக எடுப்பது மேல். மாடல், வோல்ட், வாட், பேட்ச் எண், தயாரித்த மாதம் எல்லாம் அதில்தான் இருக்கும். போன் சார்ஜர், பவர் பேங்க் போன்றவற்றில் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணைத் தேடுங்கள். இந்த எண்களை, ஐஎஸ்ஐ முத்திரை தரும் அரசு அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் உரிமம் யாருக்கு, எந்தப் பொருளுக்கு என்று காட்டும். எண் பொய் என்றால் அதே செயலியில் புகாரும் கொடுக்கலாம். பில், வாரண்டி கார்டு, அட்டைப்பெட்டி, ஆன்லைனில் வாங்கியிருந்தால் ஆர்டர் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள்.

போலீஸ் சாமானை எடுக்கும்போது மகஜர், அதாவது கைப்பற்றிய விவரத் தாள் எழுதுவார்கள். சாட்சிக் கையெழுத்துப் போடும் முன் "ஒரு பழைய ஹீட்டர்" என்று மட்டும் இருக்கிறதா, பெயரும் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனியிலிருந்து வந்தோம், செக் பண்ணித் திருப்பித் தருகிறோம் என்று யாராவது கேட்டால், ஸ்டேஷனில் கேட்கச் சொல்லிவிடுங்கள். புதுச் சாமானும் கொஞ்சம் பணமும் தந்து முத்திரைத்தாளை நீட்டுகிறவர்களிடம் அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

"அறுக்க வேண்டாம்"

இது ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் வாசலில் தினமும் கேட்கிற குரல். பிள்ளையைப் பெற்றவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அதைத் தவறு என்று சொல்ல மனம் வராது. ஆனாலும் விளைவு தெரிந்திருக்க வேண்டும். தோல் ஈரமாக இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் உடலில் தீக்காயமே இல்லாமல் போகலாம். குளியலறையில் விழுந்து கிடந்தவரைப் பார்த்த, வீட்டுக்குத் தெரிந்த டாக்டர் உதவி செய்வதாக நினைத்து 'மாரடைப்பு' என்று எழுதிவிட்டால் அங்கேயே கதை முடிந்தது. கூராய்வு செய்யும் டாக்டருக்கும் சூழ்நிலை தெரிய வேண்டும். வாளியில் ஹீட்டர் இருந்தது என்று விசாரணைத் தாளில் இருந்தால்தான் அவர் அதை நினைத்துப் பார்ப்பார்.

கேஸ் கீசர் வைத்த, ஜன்னல் அடைத்த குளியலறையும் அப்படித்தான். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. ரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். சோதிக்கும்படி முதலிலேயே கேட்டால்தான் சோதிப்பார்கள்.

தகனம் செய்துவிட்டால் எதுவும் மிஞ்சாது. புதைத்திருந்தால் நிர்வாக நடுவர் உத்தரவுடன் தோண்டி எடுக்கலாம். எந்தக் குடும்பமும் அந்த நிலைக்குப் போக விரும்பாது.

"சிலிண்டர் வெடிச்சிட்டு"

பெரும்பாலும் வெடிப்பது சிலிண்டர் அல்ல. கசிந்து அறையில் தேங்கிய வாயு, பொறி பட்டுப் பற்றிக்கொள்வதுதான். கசிந்தது டியூப்பிலா, ரெகுலேட்டரிலா, அடுப்பின் குமிழிலா, சிலிண்டர் வால்விலா என்பதுதான் முக்கியம். 'சிலிண்டர் வெடித்து' என்று எழுதினால் இந்த நான்கும் ஒன்றாகிவிடும். டியூப்பின் மேல் அச்சடித்திருக்கும் ஆண்டைப் படம் எடுங்கள். சுரக்ஷா என்கிற கேஸ் டியூப்பை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிலிண்டரின் கழுத்துத் தகட்டில் உள்ள எழுத்தையும் ஆண்டையும் கூட எடுத்து வையுங்கள். அது அடுத்த சோதனைக்கான கெடு.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. எண்ணெய் நிறுவனங்கள் எடுத்திருக்கும் காப்பீட்டில், எரிவாயுவே தீக்கு முதற்காரணம் என்றால் இறந்தவர் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய் வரை உண்டு. இதற்காக நாம் தனியாகப் பிரீமியம் கட்டியிருக்க வேண்டியதில்லை. கேஸ் ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவித்து, நகலில் சீல் வாங்க வேண்டும். போனில் சொன்னேன் என்பது பிறகு எடுபடாது. கசிவு அவசரத்துக்கு 1906.

நாலு நாள் கழித்துப் போகும் உயிர்

அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டக்காரர் வீடுகளில் ரப்பர் பாலை உறைய வைக்கிற பார்மிக் ஆசிட் இருக்கும். அதைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். யாராவது தெரியாமல் குடித்துவிட்டால், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பாட்டிலையும் கொண்டுபோக வேண்டும். பயத்தில் முதல் வேலையாக அதைத் தோட்டத்தில் கவிழ்த்துவிடுகிறார்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை இன்னும் மோசம். முதலில் வாந்தி, அப்புறம் ஓரிரு நாள் ஆள் தேறியதுபோல இருக்கும், பிறகு கல்லீரல் கைவிடும். இறந்ததும் "மஞ்சள் காமாலை" என்று ஊரில் பரவிவிடும். சேர்க்கும்போதே என்ன சாப்பிட்டார், எப்போது என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். டியூபையும் அட்டையையும் பத்திரப்படுத்துங்கள்.

மரணச் சான்றிதழை நம்பி இருப்பது

"சான்றிதழ் வாங்கிட்டோமே, அதுல எல்லாம் இருக்குமே" என்பார்கள். இருக்காது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி பொதுமக்களுக்குத் தரும் மரணச் சான்றில் இறப்பின் காரணத்தைக் காட்டக் கூடாது. காரணம் டாக்டர் தரும் தனிப் படிவத்தில் இருக்கிறது, அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். எஃப்ஐஆர் நகல், கூராய்வு அறிக்கை இரண்டும் அவசியம். எஃப்ஐஆர் நகலுக்குக் கட்டணம் இல்லை. வங்கியில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீடு வைத்திருந்தால் அதில் வரும் 2 லட்சத்துக்கும் இந்தத் தாள்கள்தான் கேட்பார்கள்.

விளவங்கோடு, கிள்ளியூர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று. பலரை நேராகத் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குத்தான் கொண்டுபோகிறோம். அங்கே இறந்தால் பதிவும் அங்கேதான், ஊர் விஏஓவிடம் பதிய முடியாது. பிரேத விசாரணைத் தாள் மலையாளத்தில் இருக்கும். பேசத் தெரிந்தாலும் வாசிக்கத் தெரியாவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சாமான் கிடப்பது நம் வீட்டில். ஆகவே நம் எல்லை ஸ்டேஷனிலும் அதே நாளில் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள்.

ஸ்டேஷனோடு நின்றுவிடுவது

போலீஸ் விசாரிப்பது அந்த ஒரு மரணத்தை. அதே பேட்ச்சில் இன்னும் ஆயிரம் ஹீட்டர் கடைகளில் இருந்தால் அதை நிறுத்துவது வேறு அலுவலகம். நுகர்வோர் சட்டத்தின் 17-ஆம் பிரிவில், பலரைப் பாதிக்கும் விஷயம் என்று மாவட்ட ஆட்சியருக்கோ மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கோ எழுதலாம். சந்தையிலிருந்து திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு உண்டு. நாகர்கோவிலில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுவை நேரில் கொடுக்கலாம். போனில் கேட்க நுகர்வோர் உதவி எண் 1915. மின்சாரச் சாமான் என்றால் மின் ஆய்வுத்துறைக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மின்வாரியம் வேறு, இது வேறு.

இழப்பீடு கேட்பது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். நுகர்வோர் இறந்துவிட்டால் வாரிசு வழக்குப் போடலாம். எந்த ஆணையம் என்பது கேட்கும் தொகையைப் பொறுத்ததல்ல, பொருளுக்குக் கொடுத்த விலையைப் பொறுத்தது. 400 ரூபாய் ஹீட்டர் என்றால் மாவட்ட ஆணையம்தான், கட்டணமும் கிடையாது. தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால் விற்றவரைப் பொறுப்பாக்கவும் சட்டத்தில் இடமுண்டு. கெடு இரண்டு வருடம். முதலாம் ஆண்டு நினைவு போஸ்டர் ஒட்டுகிற அன்றைக்கு அதில் பாதி போயிருக்கும்.