தேய்க்காமலே ஆபீஸ் போகலாம்: ஒரு செம்பூர் வீட்டுக் குறிப்பு

எங்கள் கட்டடத்துக்கு இஸ்திரிக்காரர் வந்து மூட்டை வாங்கும்போது படிக்கட்டில் நின்று பார்த்தால் தெரியும், யார் யார் வீட்டிலிருந்து என்னென்ன போகிறதென்று. தலையணை உறை, ஜீன்ஸ், கைக்குட்டை, பிள்ளைகளின் பனியன், ராத்திரி போடுகிற நைட்டி. என் மாமியார் இருந்த காலத்தில் சமையலறைத் துண்டு கூடப் போகும். சும்மா சொல்லவில்லை, நம் ஆட்கள் தேய்க்கிற துணியில் பாதிக்குத் தேய்ப்பே வேண்டாம். மீதிப் பாதியில் பெரும்பாலானதைத் துவைக்கிற இடத்திலும் கொடியிலுமே சரிக்கட்டிவிடலாம்.

இந்த மும்பையில் இன்னொன்று. காலையில் செம்பூரில் ஹார்பர் லைன் வண்டி ஏறுகிறீர்கள். குர்லாவில் கூட்டம் ஏறும், வடாலாவில் இன்னும் ஏறும். சி.எஸ்.எம்.டி.யில் இறங்கும்போது முதுகுப் பக்கம் வெற்றிலை மாதிரி கசங்கியிருக்கும். முதுகைத் தேய்க்கக் கொடுத்த காசு குர்லாவோடு போச்சு. ஆபீசில் எதிரே உட்காருகிறவர் பார்ப்பது காலர், பட்டன் பட்டி, கைமுனை. அவ்வளவுதான்.

முதலில் சுருக்கம் எப்படி விழுகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பருத்தி என்பது செல்லுலோஸ். துணி நனைந்ததும் அந்த நாருக்குள் இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகள் நெகிழ்ந்துவிடும். காயும்போது துணி எந்த நிலையில் கிடக்கிறதோ, அதே நிலையில் மறுபடி பிடித்துக்கொள்ளும். கசங்கிக் கிடந்தால் கசங்கலாகவே பிடிக்கும். தண்ணீர் தெளித்துச் சூடு வைத்துத் தேய்க்கிறோமே, அது அந்தப் பிடியைத் திரும்ப விடுவித்து நேராக வைப்பதற்குத்தான். ஈரமாக இருக்கும்போதே நேராக்கிவிட்டால் சூடு எதற்கு?

மெஷினில் இருந்து தொடங்குங்கள். டிரம்மைத் திணிக்காதீர்கள், மேலே ஒரு சாண் இடம் இருக்கட்டும். சட்டைகளுக்கு ஸ்பின் வேகத்தை 1200-இல் வைக்காமல் 600-க்கு இறக்குங்கள். தண்ணீர் கொஞ்சம் சொட்டும், சொட்டட்டும். அந்தக் கனமே துணியைக் கீழே இழுத்து நேராக்கும். பாலியெஸ்டர் கலந்த துணியை ரொம்பச் சூடான தண்ணீரில் போடக் கூடாது. அந்த இழை சூட்டில் இளகி, கசங்கின நிலையிலேயே ஆறிவிட்டால் அந்தச் சுருக்கத்தை எடுப்பது பெரும்பாடு. மெஷின் நின்றதும் எடுத்துவிட வேண்டும். ராத்திரி ஓட விட்டுத் தூங்கப் போகிற வழக்கம் இருந்தால், காலையில் நீங்கள் எழுகிற நேரத்துக்கு முடிகிற மாதிரி டைமர் வையுங்கள். கையால் துவைக்கிறவர்கள் முறுக்கிப் பிழியாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அழுத்தினால் போதும்.

இப்போது சட்டை. இது கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. கீழ் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, படார் படாரென்று சத்தம் வருகிற மாதிரி மூன்று நாலு தடவை உதறுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார், பார்க்கட்டும். பிறகு ஹேங்கரில் மாட்டி மேல் பட்டனையும் நடுவில் ஒரு பட்டனையும் போடுங்கள். பட்டன் பட்டியின் மேல் முனையை ஒரு கையாலும் கீழ் முனையை இன்னொரு கையாலும் பிடித்து விறைப்பாக ஒரு இழுப்பு. அந்தப் பட்டி இரண்டு மூன்று அடுக்குத் துணி, உள்ளே தையல். அது சுருங்கினால்தான் சட்டை முழுக்கக் கசங்கின மாதிரி தெரிகிறது. அதே மாதிரி தோள் தையல், கைத் தையல். காலரை மடித்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இடுக்கி போலப் பிடித்து ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை நீவி விடுங்கள். கைமுனைக்கும் அப்படியே. பையின் மேல் உள்ளங்கையால் ஒரு அழுத்து. ஒரு சட்டைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஹேங்கர் பிளாஸ்டிக்கில் வாங்குங்கள். இந்தக் கடற்கரைக் காற்றில் கம்பி ஹேங்கர் துருப்பிடித்துத் தோளில் பழுப்புக் கறை போட்டுவிடும்.

பேண்டைத் தலைகீழாகத் தொங்க விடுங்கள். இரண்டு கால்களின் தையலையும் ஒன்றோடொன்று சேர்த்து, கால்முனையில் கிளிப் போட்டால் இடுப்புப் பக்கத்துக் கனம் முழுவதையும் கீழே இழுத்துக்கொள்ளும். ஸ்கூல் யூனிபார்ம் பாவாடையில் மடிப்பு வைத்திருந்தால், ஈரமாக இருக்கும்போதே மடிப்பு மடிப்பாக அடுக்கி, ஒவ்வொரு மடிப்பின் நுனியிலும் ஒரு கிளிப். காய்ந்து எடுக்கும்போது மடிப்பு அப்படியே நிற்கும்.

காட்டன் புடவைக்கு இரண்டு ஆள் வேண்டும். என் வீட்டுக்காரரும் நானும் ஹாலின் இந்த மூலையிலும் அந்த மூலையிலும் நின்று, நீளவாக்கில் இரண்டாக மடித்துக் கரையைப் பிடித்து இழுப்போம். சண்டை போட்ட நாளில் இன்னும் நன்றாக வரும். கஞ்சி போட்டால் தேய்த்தே ஆக வேண்டும். அதனால் வாரநாள் புடவைக்குக் கஞ்சியை நான் நிறுத்திவிட்டேன். அந்த மொடமொடப்பு இல்லாமல் புடவை கட்டின மாதிரியே இல்லை என்று சொல்கிறவர்களோடு எனக்கு வாதம் கிடையாது. அவர்கள் தேய்க்கட்டும்.

காய்ந்த உடனே எடுத்து மடிப்பதும் முக்கியம். கொடியிலிருந்து உருவி நாற்காலியில் குவித்து, மூன்று நாள் அந்தக் குவியலின் மேல் இன்னும் குவித்தால், இதுவரை செய்ததெல்லாம் வீண். மடித்த வேட்டியையும் பெட்ஷீட்டையும் மெத்தைக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்தால் போதும். எங்கள் திருநெல்வேலி வீட்டில் டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைப்பார்கள்.

ஜூன் பிறந்து செப்டம்பர் வரைக்கும் மும்பையில் கதை வேறு. துணி இரண்டு நாள் ஆனாலும் காயாது, ஊமை நாற்றம் அடிக்கும். அப்போது ஸ்பின்னைக் கூட்டத்தான் வேண்டும், சுருக்கத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஃபேனுக்குக் கீழே, ஹேங்கருக்கும் ஹேங்கருக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு மாட்டுங்கள். அரைகுறை ஈரத்தை விரட்ட இஸ்திரிப் பெட்டியை எடுக்கிறீர்களென்றால் மழைக்காலத்தில் மட்டும் எடுங்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவசரத்துக்கு ஒரு வழி. தட்டையான அடியுள்ள எவர்சில்வர் செம்பில் கொதிக்கிற வெந்நீர் ஊற்றி, வெளிப்புறத்தை ஈரமில்லாமல் துடைத்து, தடிமனான துணியால் பிடித்துக்கொண்டு காலர் மேல் அழுத்தி நகர்த்தலாம். கரண்ட் இல்லாத காலத்து வித்தை. ததும்ப ஊற்றாதீர்கள், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். இல்லையென்றால் சட்டையில் லேசாகத் தண்ணீர் தெளித்துக் கையால் நீவி, குளிக்கிற வெந்நீர் ஆவி பறக்கும்போது பாத்ரூம் கதவுக்குப் பின்னால் தொங்க விடுங்கள். பட்டில் மட்டும் தண்ணீர் தெளிக்க வேண்டாம், சொட்டுச் சொட்டாகத் தடம் விழும்.

வாங்கும்போதே பாதியைத் தவிர்க்கலாம். கடையில் துணியின் ஒரு மூலையை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்துப் பத்து எண்ணிவிட்டு விடுங்கள். கசங்கின கோடு அப்படியே நின்றால் அது உங்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தின்னப் போகிற துணி. லினன் இதில் முதல் ரகம். அழகாகத்தான் இருக்கும், விலையும் கூட, ஆனால் ஆட்டோவில் உட்கார்ந்து எழுந்தாலே தெரியும். சீர்சக்கர் நல்லது. சில இழைகளை இறுக்கமாகவும் சிலவற்றைத் தளர்வாகவும் விட்டு நெய்வதால் பிறவியிலேயே சுருக்கம், தேய்ப்பது அதற்கு அவமானம். ஜார்ஜெட், கிரேப், பின்னல் துணி குர்த்தா எல்லாம் தொல்லையில்லை. 'ரிங்கிள் ஃப்ரீ' என்று விற்கிற பருத்திச் சட்டையில் ஒரு ரெசின் பூச்சு ஏற்றி நார்களை ஒன்றோடொன்று பிணைத்திருப்பார்கள். சுருக்கம் குறையும், துணியின் பலமும் கொஞ்சம் குறையும். ஒரு தடவை அலசிவிட்டுப் போடுங்கள்.

ஆபீசில் என்ன நினைப்பார்கள் என்று கேட்கிறவர்களுக்கு: 2024 மே மாதம் மத்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரே திங்கட்கிழமைகளில் தேய்க்காத துணியில் வருகிற பிரசாரத்தில் இறங்கியது. 'ரிங்கிள்ஸ் அச்சே ஹைன்', அதாவது 'சுருக்கம் நல்லதுதான்' என்று பேர். அப்போது ஐ.ஐ.டி. பம்பாய்ப் பேராசிரியராக இருந்த சேத்தன் சிங் சோலங்கி தொடங்கின இயக்கத்தோடு சேர்ந்து நடத்தியது அது. அப்போது சி.எஸ்.ஐ.ஆர். தலைமை இயக்குநராக இருந்த கலைச்செல்வி அம்பாசமுத்திரத்துக்காரர், எங்கள் ஊர்ப் பக்கம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. ஒரு செட் துணியைத் தேய்க்காவிட்டால் 200 கிராம் வரை கரியமில வாயு மிச்சம் என்றார்கள். அந்தக் கணக்கு கொஞ்சம் தாராளம். 1000 வாட் பெட்டி ஆறு நிமிஷம் ஓடினால் யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. நம் நாட்டு மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு முக்கால் கிலோ கரியமில வாயு என்று வைத்தாலும் 75 கிராம்தான். சூடேறுகிற நேரத்தைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும். ஆனால் தெருவில் எத்தனை வீடு!

இஸ்திரிக்காரரை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. பட்டுப்புடவை, கல்யாணத்துக்குப் போகிற ஜிப்பா, இன்டர்வியூ சட்டை, இவற்றை அவருக்கே கொடுங்கள். அந்தக் கனத்த பெட்டியின் அழுத்தம் நம் வீட்டுப் பெட்டியில் வராது. கொடுக்கும்போது எண்ணிக் கொடுத்து, ஜரிகை உள்ள துணியை உள்பக்கம் வெளியே திருப்பித் தேய்க்கச் சொல்லி, சாக்ஸ் ஏதாவது தவறி உள்ளே போயிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.