அப்பா செய்த கேரம் போர்டைச் சரிசெய்தது எப்படி

அப்பா 1987-ல் பிளைவுட்டைத் தானே அறுத்து, உடைந்த கட்டிலின் வேங்கைச் சட்டத்தை நாலு பக்கமும் வைத்துச் செய்த கேரம் போர்டு இது. ராயபுரம் வீட்டுப் பரணில் பதினைந்து வருடம் கிடந்தது. போன மாதம் இறக்கினேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால், நான் பட்ட பாடு உங்களுக்கு மிச்சம்.

தூசியைப் பார்த்ததும் ஈரத்துணியை எடுக்காதீர்கள். பழைய போரிக் பவுடர் ஈரம் பட்டால் களிம்பாகிச் சட்டத்து இடுக்கில் அடைந்துகொள்ளும், பிளைவுட்டும் ஊதும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள்.

அடுத்து, போர்டின் மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலை விளிம்பு கீழே படும்படி நிறுத்தி, பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடியுங்கள். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே பள்ளம். எங்களுடையது நடுவில் மட்டும் லேசாகத் தொய்ந்திருந்தது. அடியில் குறுக்காக ஒரு ரீப்பர் கட்டையைத் திருகியதும் நிமிர்ந்துவிட்டது. பலகையே முறுக்கிக்கொண்டிருந்தால் மாரடிக்க வேண்டாம், புதுப் பிளைவுட் வாங்கிவிடுங்கள்.

பலரும் பளபளப்பிலேயே குறியாக இருப்பார்கள். ஆனால் ஆட்டத்தின் உயிர் சட்டத்தில்தான் இருக்கிறது. சர்வதேச விதிப்படி, ஓங்கி அடித்த ஸ்ட்ரைக்கர் குறைந்தது மூன்றரை தடவை எதிரும் புதிருமாக ஓட வேண்டும். எங்கள் போர்டில் இரண்டோடு படுத்துவிட்டது. விரல் முட்டியால் சட்டத்தை நெடுகத் தட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்றால் இறுக்கம். ‘டப டப’ என்றால் பசை விட்டிருக்கிறது. அடியில் திருகைக் கழற்றி, பழைய பசையை உளியால் சுரண்டி, ஃபெவிக்கால் தடவி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள்.

பிறகு உப்புத்தாள். 180, அப்புறம் 320. ஒரு கட்டையில் சுற்றி, மர ரேகை போகும் திசையிலேயே கையால் தேய்க்க வேண்டும். மெஷின் வேண்டவே வேண்டாம். பிளைவுட்டின் மேல் தோல் ரொம்ப மெல்லிசு; ஓட்டை விழுந்தால் தீர்ந்தது. தேய்த்த பரப்பின் மேல், மரத்தின் நுண்துளைகளை அடைக்கிற சீலர் இரண்டு கோட்.

இனி கோடு. விளையாடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம் என்பது கணக்கு. அப்பா 29 அங்குலம் எடுத்திருந்தார், கிட்டத்தட்ட அதேதான். சட்டத்திலிருந்து 10.15 சென்டிமீட்டர் தள்ளி, 47 சென்டிமீட்டர் நீளத்தில் அடிக்கோடு. நடுவில் 17 சென்டிமீட்டர் விட்டத்தில் பெரிய வட்டம். முதல் தடவை நான் மார்க்கர் பேனாவால் போட்டேன். மேலே லாக்கர் (பளபளப்புக்கு அடிக்கிற வார்னிஷ் மாதிரியான பூச்சு) பட்டதும் மை கரைந்து, ரெட் வைக்கிற வட்டம் வெற்றிலை துப்பினாற்போல் பரவியது. திரும்பத் தேய்த்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாம் தடவை இந்தியன் இங்க் தொட்டு, ஜியோமெட்ரி கவராயத்தில் ரூலிங் பேனாவை மாட்டிப் போட்டேன். ஒரு ராத்திரி காயவிட்டு, லாக்கரை மெல்லிசாக மூன்று கோட் ஸ்ப்ரே செய்தேன். மொட்டை மாடியில் அடித்தால் காற்று தூசியைக் கொண்டுவந்து ஒட்டும். ஜன்னல் திறந்த அறையே நல்லது, அடுப்பு மட்டும் பக்கத்தில் எரியக்கூடாது. ஒரு வாரம் கழித்து 1000 நம்பர் தாளில் சோப்புத் தண்ணீர் தொட்டு லேசாக ஒரு தேய்ப்பு.

குழியின் விட்டம் 4.45 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அப்பாவின் ரம்பம் வழுக்கியதில் ஒன்று மட்டும் கால் சென்டிமீட்டர் பெரிசு. அதை நான் தொடவில்லை. சின்ன வயதில் அந்தக் குழிக்கு வாகான பக்கம் உட்கார அக்காவும் நானும் காசு சுண்டுவோம். போன ஞாயிறு வந்தவள், காசெல்லாம் சுண்டவில்லை. நேராகப் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.