சென்டினல்-2 ராஸ்டரில் காலிப் பகுதியை வெட்டுவது எப்படி?

சென்டினல்-2 என்பது நிலத்தைப் படமெடுக்கும் ஐரோப்பியச் செயற்கைக்கோள்; அதன் படம் ராஸ்டராக, அதாவது பிக்சல் கட்டமாக வரும். அதன் டைல் (ஒரு சதுரத் துண்டு) ஒன்று 10 மீட்டர் பேண்டில் (பிக்சலுக்கு 10 மீட்டர் அகலம் கொண்ட ஒளி அலைவரிசையில்) 10980 வரிசை, 10980 நெடுவரிசை. பிக்சலுக்கு 2 பைட் என்றால் ஒரு பேண்டே 241 எம்பி. ஆற்றுப்படுகை எல்லையை மாஸ்க்காகப் போட்டு வெளியே உள்ளதைக் காலியாக்கிய பிறகு கால்வாசிகூடத் தரவு மிஞ்சாமல் போகலாம். வட்டில் அது பெரிய சுமையில்லை, சுருக்கினால் சுழியங்கள் இடம் பிடிக்காது. கணக்குப் போட நினைவகத்தில் ஏற்றும்போதுதான் முழுச் சதுரமும் வந்து உட்காரும்.

காலி என்பது எந்த மதிப்பு என்று முதலில் பாருங்கள். சென்டினல்-2இல் அது 0. 2022 ஜனவரி 25க்குப் பிந்திய படங்களில் மதிப்புகள் 1000 கூட்டியே வருகின்றன. அதைக் கழித்து, எதிர்ம எண்களை 0 ஆக்கிவிட்டு வெட்டப் போனால் இருண்ட நீர்நிலையும் காலியாகத் தெரியும். வெட்டிய பிறகு கழியுங்கள்.

ராஸ்டர் படிக்கும் பைதான் நூலகமான ரஸ்டேரியோவில் (rasterio) 1024 வரிசையாகப் படித்து, 0 அல்லாத முதல், கடைசி இடங்களைக் குறியுங்கள். ஓவர்வியூவில், அதாவது படத்தின் சிறிதாக்கிய நகலில் தேடினால் வேகம்தான், ஆனால் ஒல்லியான ஓரம் தவறும். ஒவ்வொரு பக்கமும் ஒரு ஓவர்வியூ பிக்சல் கூடுதலாக விடுங்கள்.

வரிசை 3203 முதல் 7290 வரை, நெடுவரிசை 1502 முதல் 5990 வரை தரவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியே வெட்டாதீர்கள். 20, 60 மீட்டர் பேண்டுகளும் பொருந்த வேண்டுமானால் எல்லைகள் 6இன் மடங்காக வெளிப்பக்கம் நகர வேண்டும்: தொடக்கம் நெடுவரிசை 1500, வரிசை 3198, அகலம் 4494, உயரம் 4098. இப்போது 37 எம்பிதான். 20 மீட்டருக்கு இந்த நான்கையும் 2ஆல், 60 மீட்டருக்கு 6ஆல் வகுத்தால் போதும்.

இவற்றை ராஸ்டர் கோப்புகளை மாற்றியெழுதும் கட்டளையான ஜிடால் டிரான்ஸ்லேட்டின் (gdal_translate) எஸ்ஆர்சிவின் (-srcwin) தெரிவில் கொடுங்கள். பைதானின் எண்கணித நூலகமான நம்பை (NumPy) வரிசையை முதலில் சொல்லும், எஸ்ஆர்சிவின் நெடுவரிசையை முதலில் கேட்கும். மாற்றிக் கொடுத்தாலும் பிழைச்செய்தி வராது, வேறு நிலம் வெட்டுப்பட்டு வரும். மூலையின் ஆயத்தொலைவுகளை (கிழக்கு, வடக்கு, மீட்டரில்) சரிபாருங்கள்: பழைய இடது மேல் மூலை 3,00,000, 14,00,040 என்றால் புதியது 3,15,000, 13,68,060.

செயற்கைக்கோள் கடந்த பாதையின் ஓரத்தில் விழும் டைலில் காலிப் பகுதி சாய்வாக வரும். செவ்வக வெட்டு அங்கே பெரிதாக உதவாது. டைல்டு ஜியோடிஃப்பாக (சிறு தொகுதிகளாகப் பிரித்துச் சேமிக்கும் ராஸ்டர் கோப்பாக), ஸ்பார்ஸ்-ஓகே (SPARSE_OK) தெரிவுடன் எழுதினால் முழுக்கக் காலியான தொகுதிகள் கோப்பில் எழுதப்படாது.