காருக்குள் புது மணமா? கராஜுக்குப் போகமுன் நீங்களே பார்க்கலாம்

போன வருடம் நல்லூர்த் திருவிழா நேரம். கோயிலைச் சுற்றி வீதிகளை மூடியிருந்தார்கள், மாற்று வழியில் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. உள்ளே இனிப்பாக ஒரு மணம். கச்சான் கடைப் பக்கமிருந்து வருகிறதாக்கும் என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டோம். வீட்டுக்கு வந்து பொனட்டைத் திறந்தால், ரேடியேட்டர் குழாயின் கிளிப்பைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி வெள்ளையும் பச்சையுமாக ஒரு படிவு. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. கச்சான் அல்வா இல்லை, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்.

மறுநாள் கராஜ் அண்ணை கேட்டது இதுதான்: "என்ன மணம் எண்டு பிறகு பாப்பம் தம்பி. எப்ப வந்தது? கார் ஓடேக்கையோ, நிக்கேக்கையோ?" அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு முழுக்க.

படி 1: மூக்கைத் தயார் செய்யுங்கள்

ஏசியில் தொங்கும் வாசனைப் போத்தலை முதலில் கழற்றி வெளியே வையுங்கள். மூக்கு எந்த மணத்துக்கும் சில நிமிடங்களில் பழகிவிடும். அதனால் இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். அப்புறம் ஒவ்வோரிடமாக முகருங்கள்: ஏசி வாய், பொனட் ஓரம், நான்கு சில்லுகள், பின்பக்கம்.

படி 2: எப்போது என்று குறியுங்கள்

ஸ்டார்ட் செய்தவுடனா, அரை மணி ஓடிய பிறகா? ஏசி போட்டால் மட்டுமா? பிறேக் பிடித்த பிறகா? இரண்டு மூன்று நாள் குறித்தால் பாதி விடை வந்துவிடும்.

படி 3: இரவில் ஒரு மட்டை

எங்கள் வளவு மணலில் எது சிந்தினாலும் உறிஞ்சிவிடும், தடயமே இருக்காது. பழைய கார்ட்போட் பெட்டியைப் பிரித்து எஞ்சினுக்குக் கீழே விரித்துவிட்டுப் படுங்கள். கறுப்பு அல்லது மண்ணிறப் பிசுக்கு என்றால் பெரும்பாலும் எஞ்சின் ஒயில். பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயத்தோடு வழவழப்பாக இருந்தால் கூலன்ட். ஏசி போட்டு ஓடிய பிறகு வெறும் தண்ணீர் சொட்டினால் அது இயல்பு.

படி 4: மணத்தைப் பெயர் சொல்லிப் பிடிப்பது

*இனிப்பு.* கூலன்ட் கசிவு. முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம் போல மங்கலாகப் படிந்தால் டாஷ்போட்டுக்குள் இருக்கும் ஹீட்டர் பக்கம் சந்தேகப்படுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே வேண்டாம், கொதிநீர் முகத்தில் அடிக்கும். சிந்தியதைக் கழுவிவிடுங்கள். அது நஞ்சு, இனிப்பென்று நாய் நக்கும்.

*பெற்றோல்.* இதில் மட்டும் ஆராய்ச்சி வேண்டாம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது இங்கே யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த மணத்தோடு வளர்ந்தவர்கள் "எரிபொருள் எண்டால் மணக்கும்தானே" என்பார்கள். இன்றைய காரில் மணக்கக் கூடாது. டாங்கி மூடி இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். இருந்தும் மணந்தால் ஸ்டார்ட் பண்ணாமல் மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். எலி கடித்த குழாயாகவும் இருக்கலாம்.

*கூழ்முட்டை.* பொனட் பக்கமென்றால் பற்றறி. எஞ்சின் ஓடும்போது அதில் வோல்ட் அளக்கும் மல்டிமீற்றர் வைத்துப் பாருங்கள், 13.8 முதல் 14.5 வோல்ட் வரை சாதாரணம். 15ஐத் தாண்டினால் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிறது. அந்த நேரம் பற்றறி அருகே பீடி, தீக்குச்சி எதுவும் ஆகாது. சைலன்சர் பக்கமென்றால் புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கன்வேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

*கருகிய ஒயில்.* எஞ்சினின் மேல் மூடியை அடைக்கும் வால்வ் கவர் கஸ்கட் வழியே கசிந்து சூடான எக்ஸோஸ்ட் மீது சொட்டும். உடனே கார் நின்றுவிடாது, ஆனால் ஒயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக்கை அடிக்கடி பாருங்கள்.

*கருகிய கடதாசி போல.* மனுவல் காரென்றால் கிளச். கண்டிப் பக்கம் ஏற்றத்தில் வந்தால் மன்னிக்கலாம். யாழ்ப்பாணத்தில் ஏற்றமே இல்லை, இங்கே வருகிறதென்றால் உங்கள் இடது கால் எந்நேரமும் பெடலில் கிடக்கிறது, இல்லையேல் கிளச் தேய்ந்துவிட்டது. ஒரு சில்லருகே மட்டும் காட்டமாக இருந்தால் பிறேக் பிடித்தபடி நிற்கிறது. புறங்கையைக் கிட்டக் கொண்டுபோனாலே சூடு தெரியும், தொட வேண்டாம். ஹான்ட்பிறேக்கை இறக்காமல் பண்ணைப் பாலம் முழுக்க ஓடியவன் நான், அதையும் பாருங்கள்.

*உருகும் பிளாஸ்டிக்.* முதலில் குனிந்து பாருங்கள், வீதியில் கிடந்த சொப்பிங் பை சைலன்சரில் ஒட்டியிருக்கும். அப்படி இல்லையென்றால் வயர். காரை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, பாதுகாப்பாக முடிந்தால் மட்டும் பற்றறியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். புகை வந்தால் கிட்டப் போகாதீர்கள்.

*புகைக்குழாய் மணம் உள்ளே.* கண்ணாடிகளை இறக்கிவிட்டு நேரே கராஜ். அதோடு வரும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது.

*ஈரத்துணி நாற்றம்.* ஏசி. உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கபின் ஃபில்டரை மாற்றுங்கள். வீடு வர ஐந்து நிமிடம் முன்பே ஏசியை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிட்டால் உள்ளே காய்ந்துவிடும்.

*எதிலும் சேராத நாற்றம்.* காசு கொடுத்துக் கழற்றுவிக்க முன் கால்விரிப்புகளையும் டிக்கியையும் கிளறுங்கள். நாங்கள் ஒரு கிழமை தேடினோம். கடைசியில் ஸ்பெயார் சில்லுக் குழிக்குள் கிடந்தது, மாமி தந்துவிட்ட பாரைக் கருவாட்டில் ஒரு துண்டு.