மலைவீட்டு மரப்பலகையில் நுரை அட்டை ஒட்ட எந்தப் பசை?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பகுதிகளின் பழைய வீடுகள் பலவற்றில் தகரக் கூரைக்குக் கீழே மரப்பலகையால் உட்கூரை அடித்திருப்பார்கள். மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் சில நாள்களில் உறைபனி அளவுக்கு இறங்கிவிடுவதால், அந்தப் பலகையின் மேற்புறத்திலோ, சுவரோரம் நிறுத்தும் பிளைவுட்டின் பின்புறத்திலோ நுரை அட்டை ஒட்டிக் குளிரைத் தடுப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் பசையின் பெயரைக் கடையில் கேட்பதற்கு முன், கையில் இருக்கும் அட்டை எது, ஒட்டப்போகும் நாள் எப்படிப்பட்டது என்ற இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

படி 1: அட்டையை அடையாளம் காணுதல்

உடைத்தால் வெள்ளை மணிகளாக உதிர்வது தெர்மோகோல். அதே பாலிஸ்டைரீனில், மணிகள் இல்லாமல் ஒரே சீராக, வழவழப்பான தோலுடன் வருவது எக்ஸ்.பி.எஸ். அட்டை. மஞ்சள் நிறத்தில், விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்து, பெரும்பாலும் இருபுறமும் அலுமினியத் தாளுடன் கிடைப்பது பாலியூரித்தேன். பாய்போல் சுருட்ட வருவது பாலிஎத்திலீன்.

இவற்றில் முதல் இரண்டிடம்தான் கவனம் தேவை. ரெக்சினும் குஷனும் ஒட்டுவதற்குப் பயன்படும் மஞ்சள் நிற ரப்பர் பசையில் டொலுயீன் போன்ற கரைப்பான் இருக்கும்; அதைத் தெர்மோகோலில் தடவினால் சிறிது நேரத்திலேயே மணிகள் சுருங்கி, பிசுபிசுப்பான கூழாகி, தடவிய இடம் குழியாகிவிடும். “எல்லாவற்றுக்கும் இதுதான் நிற்கும்” என்று கடைக்காரர் உறுதி கூறினாலும், தெர்மோகோலுக்கு அதை வாங்க வேண்டாம். பாலியூரித்தேன் அந்தக் கரைப்பானில் கரையாது என்பதால் அதற்கு ரப்பர் பசை பொருந்தும். பாலிஎத்திலீனில் சாதாரணப் பசை எதுவும் சரியாகப் பிடிக்காது. பின்புறம் பசை பூசியே விற்கப்படும் சுருளை வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

படி 2: பசையைத் தேர்ந்தெடுத்தல்

வெள்ளை நிற மரப்பசை மலிவானது, தெர்மோகோலைக் கரைக்காது, நாற்றமும் இல்லை. சமவெளியில் அதுவே போதும். அது இறுக வேண்டுமானால் அதிலுள்ள நீர் வெளியேற வேண்டும். நுரை அட்டை நீரை உறிஞ்சாது என்பதால் அந்தப் பொறுப்பு முழுவதும் பிளைவுட்டின் மேல் விழுகிறது. தென்மேற்குப் பருவமழையிலும் ஐப்பசி அடைமழையிலும் பிளைவுட்டே ஈரம் குடித்திருக்கும்போது, உள்ளே பசை நாள்கணக்கில் பாலாகவே கிடக்கும். குளிர் அதிகமானாலும் தொல்லைதான்: வெப்பம் மிகவும் குறைந்தால் அது படலமாகச் சேராமல் சுண்ணாம்புப் பொடிபோல் காய்ந்து உதிர்ந்துவிடும். ஆகவே பிப்ரவரி, மார்ச் மாதங்களின் வெயில் நேரத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். அலுமினியத் தாள்மேல் அது உதவாது.

மழைக்காலத்தில் வேலையைத் தள்ளிப்போட முடியாதவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கரைப்பான் சேராத பாலியூரித்தேன் பசை. காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டே அது இறுகுகிறது என்பதால் மலையின் ஈரக்காற்று அதற்குத் துணைதான். குளிரில் இறுகுவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவே. இறுகும்போது சற்று உப்பி அட்டையைத் தள்ளும் என்பதால் மேலே பாரம் வைக்காமல் விடக் கூடாது. கையில் பட்டால் எளிதில் போகாது, உறை அணியுங்கள். டின்னில் வரும் நுரைப்பசை வாங்கினால், குறைவாக உப்பும் வகையைக் கேட்டு வாங்குங்கள். குளிர்ந்த டின்னை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி வைக்கலாம். அழுத்தம் அடைத்த டின் என்பதால் கொதிநீரிலோ அடுப்பருகிலோ வைக்கக் கூடாது. சூட்டில் உருக்கி ஒட்டும் பசைத் துப்பாக்கி தெர்மோகோலையே உருக்கிவிடும்.

படி 3: சோதித்தல்

எந்தப் பசையானாலும், அட்டையின் வெட்டுத்துண்டை அதே பலகைத் துண்டில் ஒட்டி, ஒருநாள் கழித்துப் பிய்த்துப் பாருங்கள். நுரை கிழிந்து அதன் படிவு மரத்திலேயே தங்கினால் பசை சரி. அட்டை முழுதாகக் கழன்று வந்தால் பசையை மாற்றுங்கள், அல்லது பரப்பைச் சுத்தம் செய்து மீண்டும் பாருங்கள்.

படி 4: ஒட்டுதல்

பழைய பலகையில் வார்னிஷும் புகைக்கரியும் படிந்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். எக்ஸ்.பி.எஸ். அட்டையின் வழவழப்பான தோலையும் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும்.

பசையை அங்கங்கே பொட்டு வைப்பதுபோல் வைப்பது பலருக்கும் வழக்கம். அப்படிச் செய்தால் தகரத்துக்கு அடியில் உலவும் குளிர்காற்று பலகைக்கும் அட்டைக்கும் நடுவில் புகுந்து, அட்டை போட்ட பயனே இல்லாமல் போகும். அட்டையின் விளிம்பைச் சுற்றி இடைவெளியின்றி ஒரு கோடும், உள்ளே ஒரு சாண் இடைவெளியில் சில கோடுகளும் இழுத்து, அட்டையை வைத்துச் சற்றே நகர்த்தி அழுத்துங்கள். மேலே ஒரு பலகை போட்டு, அதன்மேல் செங்கற்களைப் பரப்பி, ஒருநாள் முழுக்க அசைக்காமல் விடுங்கள்.

கணப்பின் புகைக்குழாய் செல்லும் இடத்தில் பாலிஸ்டைரீன் அட்டையை அண்டவிடாதீர்கள். அது சூட்டில் இளகும், தீயும் பிடிக்கும். அறைக்குள் தெரியும்படி ஒட்டியிருந்தால் மேலே ஜிப்சம் பலகை அடித்து மூடிய பிறகே கணப்பை மூட்ட வேண்டும்.