தேக்குப் பெயர்ப்பலகையைக் கருகாமல் அறுக்க

ஸ்க்ரோல் சாவில் (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவுகளை அறுக்கும் இயந்திர ரம்பம்) தேக்கு அறுக்கும்போது வெட்டின் ஓரம் கருகினால், முதலில் பிளேடைப் பாருங்கள். தேக்கில் உள்ள சிலிக்கா (மணலில் இருக்கும் அதே கடினப் பொருள்) பற்களைச் சீக்கிரம் மழுக்கிவிடும். தள்ள வேண்டிய அழுத்தம் கூடியதுமே புது பிளேடு மாட்டுங்கள். மழுங்கியதை வைத்து இழுத்தடிப்பது மரத்துக்குத்தான் நஷ்டம்.

18 மி.மீ. பலகைக்கு 5 அல்லது 7ஆம் எண் பிளேடு சரி. அடிமுனையில் சில பற்கள் மட்டும் தலைகீழாக மேல்நோக்கி இருக்கும் ரிவர்ஸ் டூத் வகை என்றால் அடிப்பக்கம் சிம்பு பெயராது. ஆனால் பிளேடு உச்சியில் நிற்கும்போது தலைகீழ்ப் பற்கள் இரண்டு மூன்று மேஜைக்கு மேலே தெரிய வேண்டும். மரத்தின் மேல் ஒளி ஊடுருவும் பேக்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் வரைபடத்தை ஒட்டினால் கருகல் நன்றாகக் குறையும்.

பிளேடு தொய்வாக இருந்தால் தடித்த மரத்துக்குள் வளையும், வெட்டுச்சுவர் வயிறு தள்ளும். பக்கவாட்டில் தள்ளுவதும் அதையே செய்யும். மேஜை 90 பாகையில் இருக்கிறதா என்று துண்டு மரத்தில் சோதிக்கலாம்: ஓரத்தில் லேசாக ஒரு வெட்டுப் போட்டு, மரத்தைப் பிளேடின் பின்பக்கம் கொண்டுபோங்கள். பிளேடின் முதுகு அந்த வெட்டில் மேலிருந்து கீழ்வரை நேராக உட்கார வேண்டும்.

உள்வெட்டுகளை முதலில் முடித்து, வெளி ஓரத்தைக் கடைசியில் அறுங்கள். அதுவரை பிடிக்க இடம் இருக்கும். எழுத்துகளைத் துளைத்து எடுப்பதானால் அ, ண, லை போன்றவற்றின் சுழி நடுப்பகுதி கழன்று விழும். வரையும்போதே அதைப் பலகையோடு இணைக்கும் 3 மி.மீ. பாலம் விடுங்கள், முடிந்தவரை மரத்தின் ரேகைப் போக்கிலேயே. ரேகைக்குக் குறுக்கே விட்ட பாலம் தேய்க்கும்போதே ஒடியும். தேக்குத் தூள் சிலருக்கு ஒவ்வாமை தரும், முகக்கவசம் அவசியம்.