கதிர்வீச்சு ஆய்வுக் குழுக்கள் எங்கே கோட்டை விடுகின்றன?

ஆளுக்கு ஏற்றபடி கதிர்வீச்சு அளவை மாற்றும் ஆய்வுக்குப் புற்றுநோய் மருத்துவர், மருத்துவ இயற்பியலாளர், உயிரியலாளர், புள்ளியியலாளர், கம்ப்யூட்டர் ஆட்கள் என்று ஒரு பட்டாளமே வேண்டும். ஆட்களைச் சேர்த்துவிடுகிறார்கள், யாரை எப்போது கூப்பிடுவது என்பதில்தான் சொதப்பல்.

எல்லாம் முடிந்த பிறகு புள்ளியியலாளரிடம் போய் "பி மதிப்பு மட்டும் போட்டுக் கொடுங்க" என்று (முடிவு தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்க உதவும் எண் அது) நிற்பதுதான் இருப்பதிலேயே மோசம். ரேடியோமிக்ஸில், அதாவது ஸ்கேன் படங்களிலிருந்து எண்களை எடுத்து நோயின் போக்கைக் கணிக்கும் துறையில், நடந்ததைப் பாருங்கள். சிடி ஸ்கேன் படங்களில் 440 அம்சங்களை அளந்து, அதில் நான்கை வைத்தே நுரையீரல், தலை-கழுத்துப் புற்றுநோயாளிகளின் ஆயுளைக் கணிக்கலாம் என்று 2014-இல் ஒரு கட்டுரை வந்தது, பலரும் அதன் பின்னால் ஓடினார்கள். 2019-இல் டொராண்டோ ஆய்வாளர்கள் கட்டிக்குள் இருந்த படப்புள்ளிகளைத் தாறுமாறாகக் கலைத்துப் போட்டுச் சோதித்தார்கள். அப்போதும் கணிப்பு கிட்டத்தட்ட அப்படியே இருந்தது! அந்தக் கணிப்பு மாடல் பெரும்பாலும் அளந்தது கட்டியின் கன அளவைத்தான். பெரிய கட்டி ஆபத்தானது என்று சொல்ல 440 அம்சங்கள் எதற்கு? அதனால் முதல் கூட்டத்திலேயே "வெறும் கன அளவை விட இது மேலா?" என்று யாராவது கேட்டே ஆக வேண்டும்.

அடுத்தது, மொத்த கிரேயை (கதிர்வீச்சு அளவின் அலகு) மட்டும் அட்டவணையில் ஒரு காலமில் போட்டுக் கணினிக்குக் கொடுப்பது. 60 கிரேயை 30 தவணையாகவும் கொடுக்கலாம், 54 கிரேயை 3 தவணையாகவும் கொடுக்கலாம். பார்வைக்கு 60 பெரிது, ஆனால் ஆல்பா/பீட்டா (தவணையின் அளவு மாறினால் திசு எவ்வளவு பாதிக்கப்படும் என்று காட்டும் எண்) 10 என்று வைத்து உயிரியல் விளைவைக் கணக்கிட்டால் முதலாவது 72, இரண்டாவது சுமார் 151. (இவ்வளவு பெரிய தவணைக்கு அந்தச் சூத்திரம் செல்லுமா என்பதே தனிச் சண்டை.) இயற்பியலாளர் பக்கத்தில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவார்.

அப்புறம் உறுப்புகளின் பெயர். ஒரே உமிழ்நீர்ச் சுரப்பிக்கு ஒவ்வொரு ஆஸ்பத்திரி ஃபைலிலும் ஒவ்வொரு பெயர். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2018-இலேயே பொதுப் பெயர்முறை வெளியிட்டுவிட்டது, அதை முதல் நாளே எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு உட்கார்ந்து திருத்துவது நரகம்.

மெஷின் அருகில் நிற்கும் டெக்னாலஜிஸ்டைக் கூட்டத்துக்கே அழைக்காத குழுக்களும் உண்டு. தலை-கழுத்து நோயாளிகள் சிகிச்சையின் நடுவில் எடை குறைந்து, தலையை அசையாமல் பிடிக்கும் முகக்கவசம் தொளதொளவென்று ஆகிவிடும், கட்டியும் சுருங்கும். திட்டத்தில் போட்ட அளவு அதே இடத்தில்தான் விழுகிறதா என்ற சந்தேகம் முதலில் அவர்களுக்குத்தான் வரும்.